'கம்பெரலிய': நாவலைப் படித்தவர்கள் படத்தையும் பார்க்கலாமா?

எனக்குப் பிடித்த நாவல் ஒன்று படமாக வந்திருந்தால் அதைப் பார்ப்பதில்லை என்று எனக்கொரு பிடிவாதம் இருந்தது. கதையில் வருகிற ஒருத்தியின் முகத்தை நாமே மனத்தில் உருவாக்கி வைத்திருப்போம். படத்தைப் பார்த்துவிட்டால் அந்த முகம் போய், நடிகையின் முகம் அங்கே வந்து குந்திக்கொள்ளும். பிறகு எத்தனை தரம் புத்தகத்தைத் திறந்தாலும் பழையவள் திரும்பி வரமாட்டாள்.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை நான் படித்தது தமிழில். எமது நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த அந்தப் பிரதியின் பெயர் 'கிராமப் பிறழ்வு'. மொழிபெயர்த்தவர் பாணந்துறையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு. உவைஸ். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் நாம் எல்லோரும் சொல்கிற அதே உவைஸ்தான். சிங்களத்திலிருந்தும் இப்படியொரு நாவலை அவர் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு இரவில் படித்து முடித்தேன். அந்த நாவலை 1963ஆம் ஆண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார் என்று ஆசிரியை சொன்னபோது, "அது வேண்டாம் டீச்சர்" என்றேன். போன விடுமுறையில்தான் பார்த்தேன். பிடிவாதத்தைக் கைவிட்டது சரிதானா என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944இல் வெளிவந்த நாவல் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிலங்கைக் கிராமமொன்றில், கைசாருவத்த முகாந்திரத்தின் பெரிய வீட்டை ஊரார் 'மகா கெதர' என்கிறார்கள். அந்த வீட்டில் பெயரும் மரியாதையும் மிச்சமிருக்கின்றன; பணம் மட்டும் கரைந்துகொண்டு போகிறது. இளைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருகிற பியல் அவளை விரும்புகிறான். அவனுடைய குடும்பம் தங்களுக்குச் சமமில்லை என்று பெரிய வீடு மறுத்துவிடுகிறது. நந்தாவைக் குடிப்பெருமை உள்ள, கையில் ஒன்றுமில்லாத ஜினதாசவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். பியல் கொழும்புக்குப் போய் வியாபாரத்தில் பணக்காரனாகிறான். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போன ஜினதாச இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அதை நம்பி நந்தா பியலை மணக்கிறாள். அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்லமாட்டேன்.

படத்தில் என்ன குறைகிறது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைத் தேடிக்கொண்டேதான் பார்த்தேன். திஸ்ஸ குறைந்துபோகிறான். நந்தாவின் தம்பியான அவன் புத்தகப் பிரியன். நாவலில் அவனுடைய யோசனைகளினூடாகத்தான் பல இடங்களில் நாம் அந்தக் குடும்பத்தைப் பார்க்கிறோம். படத்திலும் அவன் இருக்கிறான், ஆனால் அவனுடைய யோசனைக்கு வழியில்லை. அடுத்தது, ஒரு குடும்பம் எப்படி வறுமைக்குள் இறங்குகிறது என்பதை நாவல் ஆற அமரச் சொல்கிறது. திரைக்கதை எழுதிய ரெஜி சிறிவர்தன அவ்வளவையும் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. கிராமத்துப் பழக்கவழக்கங்களை விக்கிரமசிங்க விவரிக்கிற அழகையும் படத்தில் முழுதாக எதிர்பார்க்கக்கூடாது.

இவ்வளவு குறைகளையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பாதிக்குப் பிறகு எழுத மறந்துவிட்டேன்.

காரணம் நந்தாதான். அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை நாவலில் ஆசிரியர் எடுத்துச் சொல்கிறார். படத்தில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. நந்தாவாக வரும் புன்யா ஹீந்தெனிய அழுது புலம்புவதும் இல்லை. பெரியவர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது குனிந்துகொள்கிறாள், அல்லது வேறு பக்கம் பார்க்கிறாள். இவளுக்குப் பியலைப் பிடிக்குமா, பிடித்தும் பிடிக்காததுபோல இருக்கிறாளா, தனக்கே தெரியாதா என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. நாவலில் எனக்கு விடை கிடைத்திருந்தது. படத்தில் கேள்விதான் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் பிடித்திருந்தது. பியலாக ஹென்றி ஜயசேனவும் ஜினதாசவாக காமினி பொன்சேகாவும் நடித்திருக்கிறார்கள். சண்டைப் படங்களில் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற காமினி, இதில் தோற்றுப்போன ஒரு மனிதனாகத் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் அந்த வீடு. அக்காலச் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியப் படங்களின் பாணியில் பாட்டு, நடனம், நகைச்சுவை என்று போய்க்கொண்டிருந்தன. பீரிஸ் இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, ஸ்டூடியோவுக்குள்ளும் போகாமல், பலப்பிட்டியில் இருந்த ஒரு பழைய வளவிலே படம் பிடித்தார். நீண்ட விறாந்தை, உயரமான கதவுகள், வில்லியம் பிளேக்கின் கமராவில் விழுகிற மங்கிய வெளிச்சம். 'பழைய பெருமை' என்று எழுத்தில் படித்தபோது எனக்குப் புரிந்ததைவிட, அந்த வெறும் அறைகளைப் பார்த்தபோது கூடுதலாகப் புரிந்தது. 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குத் தங்க மயில் விருது கிடைத்தது.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. விக்கிரமசிங்க பிறந்த கொக்கலைக் கிராமத்தை, 1942இல் பிரித்தானியர் விமானத் தளம் அமைப்பதற்காக எடுத்துக்கொண்டு சனங்களை வெளியேற்றினார்கள். அவர் பிறந்த வீடு மட்டும் தப்பியது. அதுதான் இன்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்திருக்கிறது. காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் பஸ்ஸில் நான் எத்தனையோ தரம் அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல். ஊர் கலைக்கப்பட்டு இரண்டு வருடத்தில் வந்த நாவல் இது. இதைத் தெரிந்துகொண்டு படம் பார்க்கிறபோது, சும்மா ஒரு கிணற்றைக் காட்டினாலும் மனம் என்னவோ செய்கிறது.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு கூச்சமில்லாமல் இருந்து பார்க்கக்கூடிய படம். நந்தா நோயுறும்போது 'தொவில்' சடங்கு நடக்கிறது. அது அக்காலக் கிராமத்து வழக்கமாக வருகிறது, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம், முதல் அரை மணித்தியாலம் மெதுவாகத்தான் நகரும். வேகமான படங்களுக்குப் பழகியவர்கள் கொட்டாவி விடலாம். என் தம்பி பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டான்.

எங்கள் வீட்டில் கடைசிவரை இருந்தவர்கள் நானும் உம்மாவும் தாத்தாவும்தான். தாத்தாவுக்கு அப்போது வந்திருந்த ஒரு சம்பந்தத்தை, மாப்பிள்ளையின் வாப்பா சின்னதொரு பெட்டிக்கடை வைத்திருந்தவர் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதை நினைத்துப் படத்தைப் போடவில்லை. பியல் வேண்டாம் என்று பெரிய வீட்டில் முடிவெடுக்கிற இடம் வந்தபோது, அறையில் யாரும் பேசவில்லை. தாத்தா தலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உம்மா, "அந்தப் புள்ளைக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

ஆகவே, பார்க்கலாமா என்றால், பாருங்கள். ஆனால் நாவலை முதலில் படித்துவிட்டுப் பாருங்கள். நந்தாவை ஒருமுறையாவது நீங்களே மனத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். நான் பயந்ததுபோல என்னுடைய நந்தா போய்விடவில்லை. இப்போது என்னிடம் இரண்டு நந்தாக்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் சாயல்கூட ஒன்றில்லை.

நூலகப் பிரதியைத் திருப்பிக்கொடுக்க வேண்டிய திகதி தாண்டிவிட்டது. அது இப்போது உம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் முடித்ததும் கொண்டுவந்து தருகிறேன் என்று நூலகப் பொறுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.