ஓர் எழுத்து, ஈரொலி

மாணவர்களே, நம் தலைநகரின் பழைய பெயரை உரக்கச் சொல்லுங்கள்: போர்ட் பிளேர். (2024இல் அது ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.) தமிழில் இரு சொற்களும் பகரத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அவ்வொலிகளுக்கு வெவ்வேறு எழுத்துகள் உண்டு. மாற்றி ஒலித்தால் ஆங்கிலத்தில் பேரிக்காய் கரடியாகிவிடும்!

இரண்டும் இதழ்கள் பொருந்திப் பிறப்பவையே. வேறுபாடு தொண்டையில் உள்ளது. விரலை வைத்துப் பாருங்கள். 'பிளேர்' என்பதற்கு இதழ் மூடியிருக்கும்போதே அதிர்வு தோன்றும். 'போர்ட்' என்பதற்கு இதழ் திறந்த பின்னரே தோன்றும்.

இவ்வொலிகள் நமக்குப் புதியன அல்ல. 'பாம்பு' என்னும் சொல்லில் முதற்பகரம் அதிர்வதில்லை. மகர மெய்யை அடுத்த பகரம் அதிர்கிறது. இடம் நோக்கி ஒலி மாறுவதால் தமிழுக்கு ஓர் எழுத்தே போதுமாயிற்று. ஆங்கிலத்தில் ஈரொலியும் சொல்லின் முதலில் வரும். அங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

தம்பி, பந்து, பம்பரம், கும்பம் ஆகிய சொற்களில் அதிரும் பகரங்களை அடிக்கோடிடுக.