பாங்காக்கில் மூன்று நாள்: ஒரு நாள் நம்மவர்களுக்காக



பள்ளி விடுமுறை நெருங்கினால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் எங்கே போகலாம்?" பினாங்கு பார்த்தாயிற்று, கேமரன் மலை ஏறியாயிற்று, சிங்கப்பூருக்குப் போனால் பணம் கரைகிறது. இந்த முறை சயாமுக்குப் போய் வரலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். கையில் இருக்கும் சேமிப்பைக் கொண்டு ஒரு குடும்பம் பாங்காக்கில் மூன்று நாள் சுற்றிப் பார்க்கலாம். வேண்டிய சாமானும் வாங்கலாம். எப்படி என்று சொல்கிறேன். அந்த மூன்று நாளில் ஒரு நாளை வேறொரு காரியத்துக்கு ஒதுக்கும்படி கேட்கப் போகிறேன். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

பயணம்

விமானத்தில் போக முடிந்தவர்கள் போகட்டும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இரயில்தான் சுகம். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை நம் நாட்டு இரயில். அங்கே நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் கடப்பிதழைப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். மாலையில் புறப்படும் சயாம் இரயிலில் ஏறிப் படுத்தால் மறுநாள் காலையில் பாங்காக். கீழ்ப் படுக்கை அகலமானது, அதற்குக் கட்டணம் சற்று அதிகம். மேல் படுக்கை மலிவு. விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். சயாம் நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. 2025 மே மாதம் முதல் அந்நாட்டுக்குள் நுழைகிற வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வருகை அட்டையை முன்னதாகவே இணையத்தில் நிரப்ப வேண்டும். கைத்தொலைபேசியில் பெரிய பிள்ளைகளே அதைச் செய்து கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

முதல் நாள்: அரண்மனையும் ஆலயங்களும்

1782இல் முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கினார். அப்போது கட்டத் தொடங்கியதுதான் பெரிய அரண்மனை. அதன் வளாகத்துக்குள் மரகத புத்தர் ஆலயம் இருக்கிறது. சிலை இரண்டடிக்குச் சற்று அதிகமான உயரம்தான். ஆனால் வருஷத்துக்கு மூன்று முறை, பருவம் மாறும்போதெல்லாம், மன்னரே அதன் ஆடையை மாற்றுவது வழக்கம்.

அங்கே பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டியது சுற்றுச் சுவர் ஓவியங்கள். முழுக்க முழுக்க இராமாயணம்! 'ராமகியென்' என்பது அவர்கள் வைத்த பெயர். மொத்தம் 178 ஓவியங்கள். அனுமார் வெள்ளை நிறத்தில் கடலைத் தாண்டுகிறார், இராவணன் பச்சை முகத்தோடு நிற்கிறான். கதை தெரிந்த பாட்டி ஒருவர் கூட இருந்தால் வழிகாட்டியே தேவையில்லை.

கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை போட்டவர்களை உள்ளே விடமாட்டார்கள். வெளியே யாராவது வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று தூக்தூக் வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். நேரே கல் நகைக் கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். இது அங்கே பல காலமாக நடக்கும் ஏமாற்று.

பக்கத்திலேயே வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். பாதத்தில் முத்துச் சிப்பியால் 108 மங்கலச் சின்னங்கள் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். அதன் கோபுரத்தில் பதித்திருப்பதெல்லாம் சீனப் பீங்கான் துண்டுகள்.

தமிழ் மணக்கும் இரண்டு இடங்கள்

நகரின் நடுவில், சாலையோரத்தில், ஒரு பெரிய சிவப்பு ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. உயரம் 20 மீட்டருக்கு மேல். முன்பு மார்கழி, தை மாதங்களை ஒட்டி அதில் ஊஞ்சல் விழா நடந்தது. ஆபத்து அதிகமென்று 1930களில் நிறுத்திவிட்டார்கள். அந்த விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. நம் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலிருந்து வந்த சொல் அது! தென்னாட்டிலிருந்து வந்த அந்தணர்களின் வழிவந்தவர்கள் பக்கத்திலுள்ள ஆலயத்தில் இன்றும் அந்தப் பாடல்களை ஓதுகிறார்கள். பொருள் மறந்து, உச்சரிப்பு மாறியிருந்தாலும் ஓதுவதை அவர்கள் விடவில்லை.

இன்னொன்று சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சயாம்காரர்கள். விஜயதசமி ஊர்வலத்தன்று அந்தச் சாலையே பூக்கோலமாக இருக்கும்.

இரண்டாம் நாள்: கடைவீதி

சனி, ஞாயிறாக இருந்தால் காலையிலேயே சத்துசாக் சந்தைக்குப் போங்கள். வெயில் ஏறினால் நடக்க முடியாது. உடுப்பு, பூச்செடி, மண்பாண்டம், பீங்கான் என்று ஆயிரக்கணக்கான கடைகள்.

துணிக்குப் பாஹுரட் வீதி. சீக்கியர்களும் இந்தியர்களும் கடை வைத்திருக்கிறார்கள். பாவாடைத் துணி, ஜரிகை, நாட்டிய நகைகள் எல்லாம் கிடைக்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு வேஷம் கட்டத் திண்டாடும் ஆசிரியர்கள் கவனிக்க! சப்பாத்தியும் பருப்பும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே உண்டு. அடுத்துள்ள சாம்பெங் சந்தில் மணி, நாடா, தலைக் கிளிப்பு முதலியவை டஜன் கணக்கில் மலிவு. பாசார் மாலாமில் சிறு கடை போடும் சகோதரிகளுக்கு ஏற்ற இடம்.

விலை பேசலாம், ஆனால் சிரித்த முகத்தோடு பேசுங்கள். குரலை உயர்த்தினால் அவர்கள் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். புத்தர் சிலையை அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அழகாக இருக்கிறதென்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் நாள்: காஞ்சனபுரி

இப்போது நான் கேட்டுக்கொண்ட அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

பாங்காக்குக்குப் போகிற உங்கள் இரயில் மறுநாள் காலை பான் போங் என்ற சிற்றூரைக் கடக்கிறது. சன்னலோரம் உட்கார்ந்திருந்தால் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டத்து மக்களையும் இதே தண்டவாளத்தில்தான் கொண்டுபோனார்கள். காற்றுப் புகாத சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோய் இங்கே இறக்கினார்கள்.

ஜப்பானியர் ஆட்சியில் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. தோட்டங்களில் வேலையில்லை, அரிசி இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் பலர். போகமாட்டேன் என்றவர்களை வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். பான் போங்கிலிருந்து பலர் நாட்கணக்கில் காட்டுக்குள் நடந்தார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பசியும் அடியும் ஆட்களைத் தின்றன. 1943இல் பரவிய காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போயிற்று. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்கு முன்பே இரயில் புறப்படுகிறது. மூன்று மணி நேரத்துக்குள் காஞ்சனபுரி. பிற்பகல் இரயிலிலோ சிற்றுந்திலோ திரும்பிவிடலாம். ஊருக்குள் போர்க் கல்லறை இருக்கிறது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000. புல்லைக் கத்தரித்து, பூச்செடி நட்டு, கல்லுக்குக் கல் பெயர் பொறித்து அழகாகப் பராமரிக்கிறார்கள். பார்க்க மனம் நிறையும். ஆனால் எவ்வளவு தேடினாலும் அங்கே ஒரு முனியாண்டி இல்லை, ஒரு பழனியம்மாள் இல்லை. கைதிகளுக்கு இராணுவப் பதிவேடு இருந்தது. நம் கூலிகளின் பெயரை எழுதி வைக்க யாருமில்லை. 1990இல் கூட அந்த ஊர்க் கரும்புக் காட்டில் தோண்டியபோது எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. யாருடைய எலும்பென்று யார் சொல்வது?

போர்க் கல்லறைக்கு அருகில் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. இறந்த தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே புதைக்கப்பட்டிருக்கின்றன. 2023இல் தமிழர்கள் அந்த வளாகத்தில் ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு கழித்து வந்த கல்! வண்டிக்காரரிடம் ஆலயத்தின் பெயரை எழுதிக் காட்டுங்கள். அங்கே பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் போங்கள். பாலத்தில் வளைவாக இருக்கும் இரும்புச் சட்டங்கள் அந்தக் காலத்தவை. நடுவில் கோணமாக இருப்பவை குண்டு விழுந்து உடைந்ததால் போருக்குப் பின் மாற்றியவை. படம் எடுக்கும் கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும். நீங்களும் எடுங்கள், தவறில்லை. யார் சுமந்த மண் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு எடுங்கள்.

புறப்படுமுன் ஒரு வேலை

ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "வீட்டில் யாராவது சயாம் இரயிலுக்குப் போனார்களா என்று கேட்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் ஆறு பேர் கை தூக்கினார்கள். "தாத்தாவோட அப்பா, சார்", "பாட்டியோட அண்ணன், சார்." பெயர் கேட்டேன். இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. மற்ற நால்வரின் வீட்டில் பெரியவர்களுக்கே தெரியவில்லை.

பதிவேடு எழுதாதவர்கள் வெள்ளைக்காரரும் ஜப்பானியரும் என்று குறை சொல்லிக்கொண்டே இருக்கலாம். வீட்டில் எழுதி வைக்க நம்மை யார் தடுத்தது? ஆகவே, பெட்டி கட்டுமுன் உங்கள் வீட்டுக் கிழவரிடமோ பாட்டியிடமோ உட்காருங்கள். போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த உறவு, திரும்பினாரா இல்லையா என்று கேளுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நடுகல்லின் முன் நின்று பிள்ளைகளை விட்டு அந்தப் பெயரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளைப் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கிய துணி இரண்டு வருஷத்தில் கிழிந்துவிடும். எழுதிய பெயர் உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் இருக்கும்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்!