ஆய்வக வைரமா, சுரங்க வைரமா?

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அசல் வைரம்தான். இரண்டும் கரி அணுக்களால் ஆனவை; கடினமும் ஒளிவிலகல் எண்ணும் (2.42) ஒன்றே. வெறும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. உறுதியாகச் சொல்லத் தனிக் கருவி வேண்டும். அமெரிக்கன் டயமண்ட் என்று விற்கப்படும் சிர்கோனியாக் கல்லில் கரியே கிடையாது.

சூரத் ஆலைகளில் பெரிதும் வழங்குவது சிவிடி முறை. மெல்லிய வைரத் தகடு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களை நுண்ணலையால் பிளாஸ்மாவாக்குகிறார்கள். பிரியும் கரி விதையின்மேல் அடுக்கடுக்காகப் படிந்து, சில வாரங்களில் கல்லாகிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் இவ்விதைகளுக்கான சுங்கவரி நீக்கப்பட்டது. ஆராய்ச்சிக்காக ஐஐடி மெட்ராஸுக்கு 5 ஆண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

உண்மையான வேறுபாடு விலையில் இருக்கிறது. வைர நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட் 800 டாலருக்கு ஆய்வக வைரங்களை விற்கத் தொடங்கியது. சந்தை விலை தொடர்ந்து சரிந்ததால், 2025இல் அந்த வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. ஆகவே ஆசைக்கு அணியும் தோடு, மூக்குத்திக்கு ஆய்வக வைரம் தாராளமாகப் போதும்; சேமிப்பாகக் கருதி அதை வாங்கக் கூடாது. சுரங்க வைரத்தையும் தங்கம்போல் நம்ப முடியாது. விற்கப்போனால் வாங்கிய விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எதை வாங்கினாலும் கல்லின் வகை பில்லில் எழுதப்பட வேண்டும். கல்லின் இடுப்பில் (அகன்ற விளிம்பில்) லேசரால் பொறித்த எண் இருந்தால், அது சான்றிதழ் எண்ணோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே உருப்பெருக்கியில் பார்த்துவிட வேண்டும்.