குதிரை வால் முடி கொட்டுதா? எண்ணெய் பாட்டிலை மூடிட்டு, தீவனத் தொட்டியைப் பாருங்க!

ஆடி மாதத்தின் ஐந்தாவது வெள்ளிக்கிழமை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. புதுச்சேரியே அன்றைக்கு வீராம்பட்டினத்தில்தான் இருக்கும்.

தேர் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தபோதுதான் அந்தக் குதிரையைப் பார்த்தேன். செவலை நிறப் பெண் குதிரை. அதன் வால், பின்னங்கால் முட்டியைத் தாண்டி அடர்த்தியாகத் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முகத்தோடு செல்ஃபி எடுத்தார்கள். நான் வாலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்த குதிரைக்கார அண்ணன், சிரித்தபடி செல்போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே குதிரைதான். பாருங்க."

உரித்துப்போட்ட முருங்கைக்காய் மாதிரி ஒரு வால். பிடரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு முடி.

"தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, முட்டை... பொண்டாட்டி தலைக்குக்கூட இவ்ளோ செலவு பண்ணது இல்ல. ஆன்லைன்ல ஷாம்பூகூட வாங்கிட்டேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூப்பிட வந்தவங்க, வாலைப் பாத்துட்டு 'வேற குதிரை இருக்கா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

கடைசியில் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். அவர் வாலைத் தொடக்கூட இல்லையாம். முதலில் கேட்டது ஒரே கேள்வி: "என்னய்யா தீனி போடுற?"

நீங்கள் குதிரை வளர்ப்பவராக இருந்தாலும் சரி, வளர்க்கும் ஆசை இருப்பவராக இருந்தாலும் சரி, அந்தக் கேள்விக்குள்தான் எல்லாமே இருக்கிறது.

வால் அழகுக்கு மட்டுமா?

கழுத்திலும் முன்பக்கத்திலும் ஈ உட்கார்ந்தால், குதிரை தோலைச் சிலிர்த்தே விரட்டிவிடும். பின்பக்கத்துக்கு வால்தான் ஒரே ஆயுதம். கருவாடு காயும் ஒரு மீனவக் கிராமத்தில் ஈக்குப் பஞ்சமா என்ன? வால் முடி போன குதிரை நாள் முழுக்கக் காலைத் தரையில் உதைத்துக்கொண்டே நிற்கும். நிம்மதியாகத் தின்னாது, இளைக்கும். சில வகைப் புழுக்களின் குஞ்சுகளை ஈக்கள் சுமந்துவந்து கண் ஓரத்திலும் புண்ணிலும் விட்டுவிடும். அந்தப் புண் லேசில் ஆறாது. ஆகவே வால் முடி என்பது ஊர்வல அலங்காரம் மட்டும் அல்ல, அந்தப் பிராணியின் ஆரோக்கியம்.

மாதத்துக்கு எவ்வளவு வளரும்?

பிடரி முடியும் வால் முடியும் மாதத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான் வளரும். வருஷத்துக்கு ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் நன்றாக இருந்தால் இந்த வளர்ச்சி தானாக நடக்கும். வெளியே தடவும் எந்த எண்ணெயும் அதை இரண்டு சாணாக ஆக்காது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. எண்ணெய் அதை வழவழப்பாக்கும், சிக்கைக் குறைக்கும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் சில குதிரைகளுக்கு மட்டும் ஏன் நீளமாக இல்லை? வளரும் வேகத்தில் உடைகிறது, அல்லது வேரோடு கொட்டுகிறது. முடியை வளர்ப்பது குதிரையின் வேலை. உடையாமலும் கொட்டாமலும் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

வேலியோரம் இருக்கும் வில்லன்

செவலைக்கு என்ன ஆனது? அண்ணன் வேலியோரம் சும்மா கிடைக்கிறதே என்று தினமும் ஒரு கட்டு சூபாபுல் தழை வெட்டிப் போட்டிருக்கிறார். சவுண்டல் என்றும் சொல்வார்கள். தொட்டாச்சிணுங்கி மாதிரி சின்னச் சின்ன இலை, வெள்ளைப் பந்து மாதிரி பூ, தட்டையான பழுப்புக் காய். நம் ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடும் தழைதான்.

அந்தத் தழையில் மிமோசின் என்ற பொருள் இருக்கிறது. முடியின் வேரில் புதிய செல்கள் உருவாவதை அது தடுத்துவிடும். செம்மறியாட்டின் ரோமத்தைக் கத்தரிக்காமலேயே உதிரவைக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்த பொருள் இது என்றால், அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆடு, மாடுகளின் இரைப்பையில் இருக்கும் சில பாக்டீரியாக்களால் மிமோசினை உடைக்க முடியும். அவற்றுக்கும்கூட அளவோடுதான் கொடுக்க வேண்டும். குதிரைக்கு அசைபோடும் இரைப்பையே கிடையாது. அதனால் விஷம் நேராக ரத்தத்துக்குப் போகிறது. முதலில் கொட்டுவது பிடரியும் வாலும்தான். விடாமல் கொடுத்தால் குளம்பும் பாதிக்கும்.

"மாட்டுக்கு ஆவுது, குதிரைக்கு ஆவாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தழையை நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். செவலைக்கு முளைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் மிச்சம் இருக்கிறதே என்று குதிரைக்குப் போடாதீர்கள். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். அது குதிரையின் இதயத்தைப் பாதித்து உயிரையே எடுத்துவிடும்.

பிறகு என்ன போடலாம்?

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். நல்ல புரதம், துத்தநாகம், தாமிரம் இவை இருந்தால் முடி தானாக வலுவாகும்.

* புல்தான் சாப்பாடு: உடல் எடையில் 1.5 முதல் 2 சதவிகிதம் வரை காய்ந்த புல் கணக்கில் தினமும் வேண்டும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு 4.5 முதல் 6 கிலோ. பச்சைப் புல்லில் தண்ணீர் அதிகம் என்பதால் எடை இன்னும் கூடும்.

* குதிரைமசால்: பெயரிலேயே குதிரை இருக்கிறது! புரதத்துக்காகத்தான் சூபாபுல் போட்டீர்கள் என்றால், அந்த இடத்தில் இதைக் கொஞ்சம் சேருங்கள்.

* கொள்ளு: "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது மனிதர்களுக்கு. குதிரைக்குக் கொள்ளு தலைமுறை தலைமுறையாகப் பழகிய புரதம். ஊறவைத்து அல்லது வேகவைத்துக் கொடுங்கள். அள்ளிக் கொட்டாதீர்கள். தானியமும் பயறும் அதிகமானால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் வரும்.

* உப்பும் தாதுக்களும்: குதிரைக்கென்று விற்கும் தாது உப்பு ஒன்று போதும். நாலு டப்பாவை ஒன்றாகக் கலக்காதீர்கள். செலினியம் குறைந்தாலும் பிரச்னை, கூடினால் அதுவே பிடரியையும் வாலையும் உதிர்த்துவிடும்.

* பயோட்டின்: நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை குளம்புக்காகக் கொடுப்பது உண்டு. அதற்கே பல மாதங்கள் ஆகும். ஒரே மாதத்தில் வால் வளரும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

வாலைச் சுவரில் தேய்க்கிறதா?

கொட்டுவது ஒரு வகை, தேய்த்தே உடைப்பது இன்னொரு வகை. வாலின் மேல்பகுதி மட்டும் பிரஷ் மாதிரி குத்திட்டு நின்றால், குதிரை எங்கோ தேய்க்கிறது என்று அர்த்தம். முக்கியமான காரணங்கள் மூன்று.

ஒன்று, குடற்புழு. குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சி மாதிரியே குதிரைக்கும் ஒன்று உண்டு. ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அரிப்பு தாங்காமல் குதிரை வாலைத் தேய்க்கும். அந்த இடத்தில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே டாக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டு, கடிப்பூச்சி. கொசுவைவிடச் சின்னதாக இருக்கும். ஈரச் சேற்றில் பெருகும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். சில குதிரைகளுக்கு அந்தக் கடி ஒவ்வாமையாகி, பிடரியையும் வாலையும் ரத்தம் வரும் வரை தேய்க்கும். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் இந்தப் பூச்சிகள் அதிகம். அந்த நேரத்தில் குதிரையைக் கொட்டகைக்குள் கட்டி, ஒரு ஃபேனைப் போட்டுவிடுங்கள். இவற்றுக்குப் பறக்கும் வலு குறைவு. காற்றை எதிர்த்து வர முடியாது.

மூன்று, படர்தாமரை. வட்ட வட்டமாக முடி போகும். நமக்கும் ஒட்டும். ஒரு குதிரையின் சீப்பையும் துண்டையும் இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

மண்ணெண்ணெய், எரிந்த இன்ஜின் ஆயில் எல்லாம் சிலர் தடவச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரிப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சீப்பைத் தொடும் முன்...

வால் நுனியில் உடையும் ஒரு முடி, மூன்று நான்கு வருஷ வளர்ச்சி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கை தானாக மெதுவாகும்.

* முதலில் விரல்களால் சிக்கெடுங்கள். பிறகு பல் அகலமான சீப்பு. நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். குழந்தைக்குத் தலைவாரும் அதே முறைதான்.

* ஈர முடியைச் சீவாதீர்கள். ஈரத்தில் முடி இழுபட்டு எளிதில் அறுந்துவிடும்.

* தினமும் சீவத் தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் கையால் வைக்கோலையும் முள்ளையும் எடுத்துவிட்டால் சரி.

* கடலில் இறக்கினால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பும் மணலும் காய்ந்து ஒட்டினால் முடி மொறுமொறுவென்று ஆகி உடையும், தோலும் அரிக்கும்.

* நம் ஷாம்பூ குதிரைக்குச் சரிவராது. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உடையது. குதிரைத் தோல் அப்படி அல்ல. குதிரை ஷாம்பூவை மாதம் ஒருமுறை போட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள். தங்கிப்போகும் சோப்பே அரிப்பைக் கிளப்பும்.

* தேங்காய் எண்ணெய் தடவ ஆசையா? இரண்டு சொட்டு, முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும். வேரில் ஊற்றினால் கடற்கரை மணல் மொத்தமும் அதில்தான் ஒட்டும்.

* பின்னல் போடுவதென்றால் தளர்வாகப் போடுங்கள். வாலின் எலும்புத் தண்டு முடிந்த இடத்துக்குக் கீழேதான் கட்ட வேண்டும். தண்டின் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று வாலே அழுகிவிடும். ஊர்வலத்துக்குச் சரிகை கட்டினாலும், வந்தவுடன் அவிழ்த்துவிடுங்கள்.

* பின்னிய வாலால் ஈ விரட்ட முடியாது. ஈ அதிகமுள்ள நாட்களில் அவிழ்த்தே விடுங்கள்.

எல்லாக் குதிரைக்கும் தரை தொடும் வால் வருமா?

வராது. நெதர்லாந்தின் ஃப்ரீசியன் குதிரைக்குப் பிடரியும் வாலும் அருவி மாதிரி கொட்டும். அது பரம்பரை. நம் ஊருக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வறண்ட, வெயில் பூமியில் உருவானவை. மெல்லிய தோல், பட்டு மாதிரி மென்மையான முடி. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போனால் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம். வாங்கும்போது சுழி பார்ப்பவர்கள், ஒரு நிமிஷம் வாலையும் தூக்கிப் பாருங்கள். வேர்ப்பகுதியில் புண், செதில், உடைந்த முடி இருந்தால், பளபளக்கும் எண்ணெயை நம்பாதீர்கள். உங்கள் குதிரையை இன்ஸ்டாகிராமில் வரும் ஃப்ரீசியனோடு ஒப்பிடாதீர்கள். போன வருஷத்து அதன் போட்டோவோடு ஒப்பிடுங்கள்.

செவலையின் சொந்தக்காரர் செய்வதும் அதைத்தான். தழையை நிறுத்திய வருஷத்திலிருந்து, ஒவ்வொரு தேருக்கும் அதை அதே இடத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கிறார். முதல் வருஷம் ஒரு சாண். அடுத்த வருஷம் இன்னொரு சாண். இந்த வருஷம் எடுத்ததையும் காட்டினார்.

"இப்போ ஊர்வலத்துக்குக் கூப்புடுறாங்களாண்ணே?"

"கூப்புடுறாங்க. ஆனா அது கெடக்கட்டும். இங்க பாருங்க..."

செவலையின் பின்தொடையில் ஓர் ஈ வந்து உட்காரப் பார்த்தது. வால் ஒருமுறை வீசியது. ஈயைக் காணோம். செவலை தலை நிமிராமல் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.