மகனுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தமா?

அக்னி நட்சத்திரம் வந்தால் போதும், நாலு வீட்டில் ஒரு பையனுக்காவது சில்லுமூக்கு உடையும். “உடம்புச் சூடுதாம்மா, இளநீர் கொடு, சரியாயிடும்” என்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பெரும்பாலும் சரியாகியும் விடும். மூக்கின் முன்பக்கச் சுவரிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் வறட்சியாலோ, விரலால் நோண்டுவதாலோ உடைவதுதான் காரணம்.

ஆனால் 10 வயதிலிருந்து 20 வயதுக்குள் இருக்கும் பையனுக்கு, ஒரே பக்கத்து மூக்கில் திரும்பத் திரும்ப ரத்தம் கொட்டுகிறதா? அந்தப் பக்கம் எந்நேரமும் அடைத்தே இருக்கிறதா? சூடு என்று விட்டுவிடாதீர்கள். கன்னம் வீங்கினாலோ, ஒரு கண் முன்தள்ளினாலோ, ஒரு காது மந்தமானாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மூக்கின் பின்புறத்தில் ஆஞ்சியோஃபைப்ரோமா என்றொரு கட்டி வளரலாம். ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி இது. மிக அபூர்வம்; அநேகமாக வளரும் பையன்களுக்கே வரும். புற்றுநோய் இல்லை. ஆனாலும் கவனிக்காமல் விட்டால் எலும்பை அரித்துக்கொண்டு கண்குழி, மண்டையோட்டின் உள்பக்கம் வரை போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காது மூக்கு தொண்டை டாக்டர், விளக்கு பொருத்திய மெல்லிய குழாயை மூக்கில் விட்டுப் பார்ப்பார். பிறகு மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கன்னத்து எலும்பறையின் பின்சுவர் முன்னால் வளைந்திருப்பது இதற்கு முக்கிய அடையாளம். ஹோல்மன், மில்லர் என்ற இரு டாக்டர்கள் 1965-லேயே எக்ஸ்ரேயில் கண்டு சொன்னது இது.

மற்றக் கட்டிகள் என்றால் ஒரு துண்டு கிள்ளிச் சோதிப்பார்கள். இதில் அப்படிச் செய்தால் ரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, “சதை வளர்ந்திருக்கு, இங்கேயே எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால், “முதல்ல ஸ்கேன் பார்த்துடலாமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்பு, தொடை வழியாக நுண்குழாய் செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்தத்தைப் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள். பிறகு மூக்கு வழியாகவே கட்டியை எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மறுபடி வளரக்கூடுமாதலால், சொன்ன தேதியில் போய்க் காட்டுவது அவசியம்.

வீட்டில் செய்ய வேண்டியது

ரத்தம் வந்தால் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்து முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மிருதுவான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்; டாக்டருக்கு அது பெரிய உதவி.

கருவடிக்குப்பத்துக்காரர்களான எங்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்களும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். வெறும் சூடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நிம்மதியாக இளநீர் கொடுக்கலாமே!