புயல் எப்படிப் பிறக்கிறது? காற்றை அறிந்து பயிரைக் காப்போம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், சுண்ணாம்பாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே உள்ளது தவளக்குப்பம். கிழக்கே சிறிது தூரத்தில் கடல். நெல், கரும்பு, தென்னை, வாழை என எது வைத்திருந்தாலும், ஐப்பசி பிறந்துவிட்டால் இப்பகுதி விவசாயியின் கண் வானத்தின் மேல்தான் இருக்கும்.

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. முன்னது காற்றால் அழித்தது. பின்னது மழையால் அழித்தது. ஏன் இந்த வேறுபாடு? காற்றுத் திரள்களைப் பற்றிச் சிறிது தெரிந்து கொண்டால் இது விளங்கும். புயல் செய்தி கேட்டதும் வயலில் எதை முதலில் செய்வது என்பதும் தெளிவாகும்.

காற்றுத் திரள் என்றால் என்ன?

புதுப் பானையில் ஊற்றி வைத்த தண்ணீருக்கு மண் வாசம் ஏறுகிறது அல்லவா? காற்றும் அப்படித்தான். ஒரு பெரிய பரப்பின் மேல் பல நாட்கள் தங்கும் காற்று, அந்தப் பரப்பின் சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக் கொள்கிறது. ஒரே குணமுள்ள இப்பெரிய காற்றுத் தொகுதியையே காற்றுத் திரள் என்கிறார்கள்.

வங்கக் கடலின் மேல் தங்கிய காற்று வெப்பமும் ஈரமும் நிறைந்தது. மார்கழி, தை மாதங்களில் வடக்கே நிலப்பரப்பிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, வறண்டது. கோடையில் உள்நாட்டிலிருந்து வீசும் மேல்காற்று சூடானது, வறண்டது. நம் முன்னோர் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், வடகாற்றை வாடை என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் பிரித்துப் பெயரிட்டதும் இந்தக் குண வேறுபாட்டை அறிந்துதான்.

இரண்டு காற்று சந்தித்தால்

ஆனி முதல் ஆவணி வரை நம் கரையோரத்தில் பகலெல்லாம் மேல்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும். வறண்ட சூடான காற்றும் ஈரக் காற்றும் சந்திக்கும் கோட்டில், ஈரக் காற்று மேலே தள்ளப்படுகிறது. உயரே போகப் போக அது குளிர்ந்து, ஈரம் நீர்த்துளியாகி, கோபுரம் போன்ற இடிமேகம் எழுகிறது. மாலையில் திடீரென்று சூறைக் காற்றும் இடியும் மழையும் வருவது இதனால்தான். ஒரு மணி நேரத்துக்குள் வாழைத் தோட்டத்தைச் சாய்த்துவிட இது போதும்.

வங்காளத்தில் சித்திரை, வைகாசியில் அடிக்கும் ‘கால்பைசாகி’ புயலும் இதே வகை. உள்நாட்டு வறண்ட காற்றும் வங்கக் கடலின் ஈரக் காற்றும் அங்கே சந்திக்கின்றன. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் இப்படிப்பட்ட இடிமேகத்திலிருந்து இறங்கிய சுழல்காற்று சுமார் 1,300 பேரைப் பலி கொண்டது.

கடற்புயலின் கதை வேறு

ஐப்பசி, கார்த்திகையில் வரும் கடற்புயல் இரு காற்றுகளின் மோதலால் பிறப்பதில்லை. வெப்பமும் ஈரமும் உள்ள ஒரே காற்றுத் திரளுக்குள் அது பிறக்கிறது. கடல்நீரின் சூடு சுமார் 26 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்போது நீராவி மிகுதியாக எழும்பும். அது மேகமாக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் காற்றை மேலும் மேலே தூக்கும். கீழே அழுத்தம் குறையும். சுற்றியுள்ள ஈரக் காற்று அங்கே ஓடிவர, பூமியின் சுழற்சியால் அது இடப்புறமாகச் சுழலத் தொடங்கும். ஈரம்தான் புயலுக்குத் தீனி.

ஆகவே வறண்ட காற்று கடற்புயலுக்குப் பகை. 2013 டிசம்பரில் ‘மாதி’ புயல் கடலிலேயே திசை திரும்பித் தென்மேற்காக வந்தபோது வறண்ட குளிர்காற்று அதற்குள் புகுந்தது. கடும் புயலாக இருந்தது வலுவிழந்து, வெறும் தாழ்வு மண்டலமாக வேதாரண்யம் அருகே கரையேறியது.

‘தானே’ அப்படி அடங்கவில்லை. மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றுடன் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ‘ஃபெஞ்சல்’ காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ.தான். ஆனால் கரைக்கு வந்தபின் பல மணி நேரம் அது நகரவில்லை. கடலின் ஈரக் காற்று ஒரே இடத்தில் வந்து கொட்டிக் கொண்டே இருந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணை நீரும் சேர, தென்பெண்ணை பெருகிப் பாகூர் பகுதி வயல்கள் மூழ்கின. எனவே புயல் செய்தியில் காற்றின் வேகத்தோடு, நகரும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். மெதுவாக நகரும் புயல் என்றால் வடிகாலே முதல் வேலை.

திசை சொல்லும் சேதி

புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது நமக்கு வடகாற்று வீசும். மையம் நம்மைக் கடந்து மேற்கே போனபின் தென்காற்று வீசும். மையம் நேரே தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென ஓயும். புயல் போய்விட்டது என்று எண்ணி வெளியே இறங்கக் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாம் காற்றில்தான் விழும்.

செய்ய வேண்டியவை

1. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய செய்தி கேட்டதும் வரப்பை வெட்டி, வாய்க்கால், வடிகால்களைத் தூர் வாரி விடவும். மழை ஓயும் வரை மேலுரம் இட வேண்டாம்.

2. முற்றிய நெல்லை உடனே அறுத்து மேட்டில் சேர்க்கவும். வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கவும். கரும்பைச் சோகையால் விட்டம் கட்டவும். தென்னையில் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கி, தலைச் சுமையைக் குறைக்கவும்.

3. மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கவும். மாடுகளைக் கட்டிப் போடாமல் மேட்டுப் பாங்கான இடத்துக்கு ஓட்டவும். இடி இடிக்கும்போது தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

4. தூர் கட்டும் பருவத்தில் மூழ்கிய நெல்லுக்கு, தண்ணீரை வடித்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடவும்.

5. பயிர்க் காப்பீடு செய்தவர்கள், அறுத்துக் காயப் போட்ட கதிர் புயல் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதி உழவர் உதவியகத்தையோ, குரும்பாப்பேட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். வடிகால் வேலையை ஐப்பசி பிறக்குமுன்பே முடித்து வைப்பது நலம். ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலின் வழியாகத்தான் வடிய வேண்டும் என்பதால், பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன் கிடைக்கும்.