என்ன வேலை பாக்குறீங்க?

போன மாசம் ரேஷன் கடையில அத்தை மெஷின்ல விரலை வெச்சாங்க. ஏத்துக்கல. முந்தானையில துடைச்சுட்டு மறுபடி வெச்சாங்க. ஏத்துக்கல. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கைன்னு பத்து விரலும் ஒரு ரவுண்டு போயாச்சு. பின்னாடி வரிசை முணுமுணுக்க ஆரம்பிச்சுடுச்சு. கடைசியில கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினோம். திரும்பி வரும்போது அத்தை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எனக்குத்தான் ரேகையே இல்லையேடா, இனிமே எந்த ஜோசியக்காரனும் என்னை ஏமாத்த முடியாது."

எங்க ஊர் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் கரையில இருக்கு. பண்ருட்டின்னா உங்களுக்குப் பலாப்பழம் ஞாபகம் வரும். எங்களுக்கு முந்திரி. அத்தை 22 வருஷமா முந்திரி உடைக்கிறாங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. அவங்க ரேகை எங்க போச்சுன்னு தேடப்போய்த்தான், தொழில்சார் மற்றும் சுற்றுச்சூழல் சுகாதாரம்னு ஒரு பெரிய ஆய்வுத்துறை இருக்குறதே எனக்குத் தெரிஞ்சது. நாலு வருஷ இன்ஜினியரிங்ல அந்தப் பேரை நான் ஒரு தடவை கேட்டிருப்பேன், அதுவும் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி.

முதல்ல ரேகை. முந்திரிக்கொட்டையோட ஓடு ஒரே கட்டி கிடையாது. வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவுல தேன்கூடு மாதிரி அறைகள் இருக்கு. அதுக்குள்ள கருப்பும் பழுப்புமா ஒரு எண்ணெய். அதுல இருக்குற முக்கியமான சரக்கு அனகார்டிக் அமிலமும் கார்டாலும். ரெண்டுக்கும் அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான்: ஒரு பென்சீன் வளையம், அதோட 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். அந்த வால் கொழுப்புல கரையும், நம்ம தோல்லயும் கொழுப்பு இருக்கு. அதனால வால் வழி காட்ட, வளையம் உள்ளே போய்த் தோலை எரிக்கும். மாங்காய் பால் உதட்டுல பட்டுப் புண்ணானவங்க, சேராங்கொட்டை பட்டு வீங்கினவங்க இதைச் சுலபமா புரிஞ்சுக்கலாம். மூணும் ஒரே தாவரக் குடும்பம். மெக்கானிக்கல் மக்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: வண்டியோட பிரேக் லைனிங்ல சேர்க்கிற உராய்வுத் தூளை இந்த எண்ணெய்ல இருந்துதான் தயாரிக்கிறாங்க. பிரேக் சூட்டையே தாங்குற பொருள், விரல் தோலை விட்டுவைக்குமா?

"கிளவுஸ் போட்டா முடிஞ்சது"ன்னு நானும் சொன்னேன். அத்தை ஒரு ஜோடியைப் போட்டுக் காட்டினாங்க. கொட்டை வழுக்குது, பருப்பு உடையுது. உடைஞ்ச பருப்புக்கு விலை கம்மி. அரை மணி நேரத்துல உள்ளே வேர்வை தேங்கி கை ஊறிப்போச்சு. கழட்டி வெச்சுட்டு, பழையபடி கையில சாம்பலைப் பூசிக்கிட்டு உக்காந்துட்டாங்க. பாதுகாப்புப் பாடத்துல ஒரு ஏணிப்படம் வரும், பார்த்திருப்பீங்க. ஆபத்தையே நீக்கு, முடியலன்னா மாத்து, அதுவும் முடியலன்னா இயந்திரத்தால தடு, அப்புறம் வேலை முறையை மாத்து, கடைசிப் படியாத்தான் கிளவுஸ், மாஸ்க். நாம எல்லாரும் கடைசிப் படியில இருந்தே ஆரம்பிக்கிறோம். அதுதான் மலிவு, அதோட பழியும் தொழிலாளி மேல போயிடும்: "குடுத்தோம், போட்டுக்கல."

இந்தத் துறையோட தொடக்கத்தை 1700-ம் வருஷத்துல வைக்கிறாங்க. இத்தாலியில பெர்னார்டினோ ராமஸ்ஸினின்னு ஒரு மருத்துவர். அவர் வீட்டுல மலக்குழி சுத்தம் செய்ய வந்த ஆள் ரொம்ப அவசர அவசரமா வேலை செஞ்சிருக்கார். ஏன் இப்படின்னு கேட்டா, அதிக நேரம் உள்ளே இருந்தா கண் போயிடும்னு பதில். ராமஸ்ஸினிக்கு அது உறைச்சிருக்கு. கொல்லர், குயவர், கண்ணாடி ஊதுறவர், எழுத்தர்னு ஒவ்வொரு பட்டறையா ஏறி இறங்கி, தொழிலாளர்களின் நோய்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டார். நோயாளிகிட்ட வைத்தியர் கேக்க வேண்டிய கேள்விகளைப் பழைய கிரேக்க வைத்தியர்கள் ஏற்கெனவே பட்டியல் போட்டிருந்தாங்க. அதுல இவர் ஒண்ணே ஒண்ணைச் சேர்த்தார்: நீ என்ன தொழில் செய்யறே?

300 வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க வீட்டுல பழைய ஓபி சீட்டு ஏதாவது கிடந்தா எடுத்துப் பாருங்க. பேர், வயசு, ஆணா பெண்ணா, ஊர். எங்க வீட்டுல இருந்த எதுலயும் தொழிலுக்குன்னு ஒரு கட்டம் இல்லை.

அத்தை எந்தப் பதிவேட்டுலயும் இல்லாததுக்குச் சட்டமும் ஒரு காரணம். 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்துற இடத்துல 10 பேரோ, மின்சாரம் இல்லாத இடத்துல 20 பேரோ வேலை செஞ்சாத்தான் பொதுவா அது தொழிற்சாலை. 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தொகுப்புல அது 20, 40-ன்னு ஆகிடுச்சு. ஏழெட்டுப் பேர் உக்காந்து கொட்டை உடைக்கிற கொட்டகை அப்பவும் கணக்குல வரல, இப்ப இன்னும் தூரமா போயிடுச்சு.

சரி, பதிவேடு இருக்குற இடத்துல எல்லாம் சரியா நடக்குதா? அதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், பண்ருட்டியில பஸ் ஏறி ஆர்ச் கேட்ல இறங்கினா நெய்வேலி. 1956-ல நிறுவனம் தொடங்கி, 1961-ல நிலக்கரியைத் தொட்டு, 1962-ல மின்சாரம் எடுத்த ஊர். எங்க ஊர்ல பாதிப்பேருக்கு அங்க வேலை பார்க்கிற ஒரு மாமாவாவது சித்தப்பாவாவது இருப்பாங்க. 2020-ல மே 7, ஜூலை 1-ன்னு ரெண்டு மாச இடைவெளியில அங்க ரெண்டு தடவை பாய்லர் வெடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜூலை வெடிப்புல அன்னைக்கே 6 பேர் போயிட்டாங்க. அடுத்தடுத்த நாட்கள்ல ஆஸ்பத்திரியில இன்னும் சிலர். அது செய்தி. நாடே பார்த்துச்சு.

ஆனா வேலையால சாகறவங்கள்ல பெரும்பாலானவங்க இப்படிச் சாகறதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல ஒரு மதிப்பீடு வெளியிட்டாங்க. 2016-ம் வருஷத்துல மட்டும் உலகம் முழுக்க வேலை காரணமா செத்தவங்க சுமார் 19 லட்சம் பேர். அதுல 81 சதவீதம் நோயால. விபத்து மிச்சம் 19 சதவீதம்தான். தூசி, புகை, வாயுவால மட்டும் 4.5 லட்சம். வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல வேலை செஞ்சதால மாரடைப்பு, பக்கவாதம்னு ஏழரை லட்சம். (ஐடி வேலைக்கு ஆஃபர் லெட்டர் வாங்கி வெச்சிருக்குற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) வெடிப்புக்குத் தேதி உண்டு. இருபது வருஷம் கழிச்சு வர்ற இருமலுக்குத் தேதி கிடையாது.

அந்த இருமலைப் பிடிக்கறதுல ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கு. ஒரு சுரங்கத்து வாசல்ல நின்னு, உள்ளே போற 500 பேருக்கு நுரையீரல் பரிசோதனை செய்யறீங்கன்னு வைங்க. அதை ஊர்ப் பொதுமக்களோட ஒப்பிட்டா, பல சமயம் சுரங்கத் தொழிலாளிதான் அதிக ஆரோக்கியமா தெரிவார்! ஏன்? உடல் தகுதி பார்த்துத்தான் வேலைக்கே எடுத்தாங்க. இருமல் வந்தவர் ஏற்கெனவே நின்னுட்டார், அவர் இப்ப பொதுமக்கள் கணக்குல இருக்கார். ஆய்வாளர்கள் இதை 'ஆரோக்கியத் தொழிலாளி விளைவு'ன்னு சொல்றாங்க. நம்ம காலேஜ் வாசல்ல வெக்கிற பிளேஸ்மென்ட் பிளெக்ஸ்ல இருக்குற மூஞ்சிகளை மட்டும் எண்ணி, 100 சதவீதம் வேலை கிடைச்சதுன்னு சொல்ற மாதிரி. பிளெக்ஸ்ல இல்லாதவன் எங்க போனான்னு தேடினாத்தான் நிஜக் கணக்கு வரும். அதனாலதான் இப்ப ஆய்வுகள் ஆளை வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து, வேலையை விட்ட பிறகும் பல வருஷம் தொடர்ந்து போகுது. நம்ம ஊர்ல அதுவே பெரிய பாடு. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காண்ட்ராக்டர் மாறினா பதிவேடும் மாறிடும். யாரைத் தொடர்றது?

அடுத்த சிக்கல் காம்பவுண்டு சுவர். தொழிலாளிக்குன்னு வெக்கிற வரம்பு பொதுவா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மிச்ச நேரம் சுத்தமான காத்துல இருப்பார்ங்கற கணக்குல போட்டது. வீடும் அதே புழுதிக்குள்ள இருந்தா? வெளிநாட்டுல கிறிஸ்டோபர் வைல்ட்னு ஒரு ஆய்வாளர் 2005-ல 'எக்ஸ்போசோம்'னு ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். கருவுல இருந்து சாகற வரைக்கும் ஒரு உடம்பு சந்திக்கிற எல்லாம்: வேலையிடத் தூசி, அடுப்புப் புகை, குடிக்கிற தண்ணி, சாப்பாடு, மன அழுத்தம். எல்லாத்தையும் ஒரே கணக்கா பார்க்கணும்ங்கறது அதோட சாரம். அத்தை உடம்புக்கு இது புதுசா சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

சுவருக்கு வெளியே இருக்கறவங்க சும்மா காத்துக்கிட்டு இருக்கலங்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கடலூர் சிப்காட்டைச் சுத்தி இருக்குற கிராமத்து மக்கள் 2004-ல வாளியில காத்து பிடிச்சாங்க. நிஜமாவே வாளிதான். காத்துப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள்ள ஒரு பை, பையோட வாய் மட்டும் வெளியே. பம்பு வெச்சு வாளிக்குள்ள இருக்குற காத்தை உறிஞ்சினா, உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காத்து தானா பைக்குள்ள வந்து நிரம்பும். மாதிரிக் காத்து பம்பைத் தொடவே தொடாது, அதனால கலப்படம் ஆகாது. எவ்வளவு அழகான டிசைன்! தொண்ணூறுகள்ல கலிஃபோர்னியாவுல பிறந்த யோசனை, நம்ம கடலூர் வரைக்கும் வந்துச்சு. நாத்தம் வர்ற ராத்திரியில அங்கேயே இருக்கற ஆள்தான் அந்தக் காத்தைப் பிடிக்க முடியும், மறுநாள் காலையில வர்ற அதிகாரியால முடியாது. 2023-ல பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை பக்கத்துத் தண்ணியையும் மண்ணையும் சோதிச்சு, பாதரசம் வரம்பைத் தாண்டி இருக்குன்னு அறிக்கை கொடுத்தாங்க. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்துச்சு.

பதிவேட்டுல இல்லாதவங்களைத் தேடிப் போறதுல தமிழ்நாட்டு ஆய்வாளர்களே உலக அளவுல முன்னாடி நிக்கிறாங்க, முக்கியமா வெப்ப ஆய்வுல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துப் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு 2017-ல தொடங்கி, தமிழ்நாட்டுல வேலை செய்யற 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தாங்க. வயல், செங்கல் சூளை, உப்பளம்னு வேலை செய்யறவங்க. அதிக வெப்பத்துல வேலை செஞ்சவங்களுக்குக் கருச்சிதைவு ஆகுற ஆபத்து மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு. எந்தக் கம்பெனி ஐடி கார்டும் இல்லாத பெண்கள் இவங்க. ஆய்வாளர்கள் தேடிப் போகலன்னா, ஒவ்வொரு இழப்பும் அந்தந்த வீட்டுத் தலையெழுத்தாவே போயிருக்கும்.

இந்த ஆய்வுல வெப்பத்தை அளந்த முறையை நீங்க தெரிஞ்சுக்கணும். செய்தியில வர்ற 'இன்று 38 டிகிரி' உடம்புக்குப் பத்தாத தகவல். டபிள்யூ.பி.ஜி.டி.னு ஒரு அளவு இருக்கு. மூணு தெர்மாமீட்டர்: ஒண்ணு சாதாரணம், ஒண்ணு ஈரத்துணி சுத்தினது, ஒண்ணு கருப்புக் கோளத்துக்குள்ள. ஈரத்துணி அளவுல 70 சதவீதம், கோளத்துல 20, சாதாரணத்துல 10 எடுத்துக் கூட்டணும். ஈரத்துணிக்கு ஏன் 70? நம்ம உடம்பு வேர்வை காய்ஞ்சுதானே குளிருது. காத்துல ஈரம் இருந்தா காயாது. ஒரு கணக்கு போடுவோம்: காத்து 36, ஈரத்துணி 28, கோளம் 45-ன்னு வைங்க. 3.6, 19.6, 9. கூட்டினா 32.2. அந்த ஆய்வு எடுத்துக்கிட்ட வரம்பு நடுத்தர வேலைக்கு 28, கடினமான வேலைக்கு 27.5. கடலோர மாவட்டத்துச் சித்திரை மாசத்துல நிழல்ல உக்காந்திருக்கறவங்களும் ஏன் தாண்டிப் போறாங்கன்னு இப்பப் புரியும். கிளவுஸ் ஏன் அரை மணி நேரம்கூட நிக்கலங்கறதும்.

இதுக்கான கடைக்கருவி விலை அதிகம். ஆனா கோளத்துக்குப் பதிலா கருப்பு பெயின்ட் அடிச்ச டேபிள் டென்னிஸ் பந்து, மூணு வெப்ப சென்சார், ஒரு திரி, ஒரு இ.எஸ்.பி.32 போர்டு இருந்தா மாதிரிக் கருவி செஞ்சுடலாம். லேப்ல இருக்குற நல்ல கருவிக்குப் பக்கத்துல வெச்சு எவ்வளவு தப்புன்னு பார்க்கணும், அந்த வேலைதான் முக்கியம். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அதுதான். ஹாஸ்டல்ல பந்து காணாமப் போனதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் உண்டு, மன்னிச்சுடுங்க.

ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்த வாரமே அத்தையைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எங்க ஊர்ல கூட்டிட்டுப் போறதே பெரிய விஷயம். சூலை நோயோட வந்த தம்பி அப்பருக்கு அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்துத் தீர்த்த ஊர் இது. அத்தைக்கும் அந்த நம்பிக்கைதான் முதல் மருந்து. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். சோப்பு மாத்தினீங்களா, பாத்திரம் தேய்க்கிற பவுடர் என்னன்னு கேட்டார். அப்புறம், நல்லவேளை, "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னார்.

அத்தை சொன்னாங்க: "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார், வீட்லதான் இருக்கேன்."

நான் பக்கத்துல இருந்து சொன்னேன். முந்திரி உடைக்கிறாங்க சார், 22 வருஷமா. அவர் நிமிர்ந்து பார்த்துட்டு, சீட்டோட ஓரத்துல இருந்த காலி இடத்துல அதை எழுதினார்.